எல்டிஆர் மாட்யூல் அவுட்புட்டில் சின்ன மோட்டார் சுத்தல, லைட் மட்டும் எரியுது

வெயில்காத்தாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணோட ஸ்கூல் மாடலுக்கு ஒரு காத்தாடி செய்யறோம். வெளிச்சம் பட்டா சுத்தணும், இருட்டானா நிக்கணும், அவ்வளவுதான். எல்எம்393 ஐசி (ரெண்டு வோல்ட்டை ஒப்பிடற சிப்) போட்ட எல்டிஆர் (வெளிச்சம் பட்டா தடை குறையற ரெசிஸ்டர்) மாட்யூல் ஒண்ணு கைல இருக்கு. விசிசி (ப்ளஸ் சப்ளை), கிரவுண்ட், டிஓ (டிஜிட்டல் அவுட்புட்), மூணே பின். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்ல இருந்து சப்ளை. மோட்டார் பொம்மைக் கார்ல வர்ற சின்ன டிசி மோட்டார்.

டார்ச் அடிச்சா மாட்யூல்ல இருக்கிற லைட் அழகா எரியுது, மறைச்சா அணையுது. அதனால டிஓ-ல வோல்ட் வருதுன்னு நினைச்சு டிஓ-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மோட்டாரைப் போட்டேன். அசையவே இல்ல. மோட்டாரை நேரா அடாப்டர்ல வச்சா ஜம்முனு சுத்துது. மாட்யூல் போயிடுச்சா?

---

முதல்சுற்று எழுதியது:

மாட்யூல் நல்லாத்தான் இருக்கும் ப்ரோ. ஐசி அவுட்புட் மோட்டாருக்குப் பத்தாது. நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் போடுங்க. பிசி547 போதும். டிஓ-ல இருந்து 1 கிலோ ஓம் வழியா பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல மோட்டார். மோட்டாருக்குக் குறுக்க ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட பக்கம் ப்ளஸ்ல.

---

வெயில்காத்தாடி எழுதியது:

நன்றி. அப்படியே போட்டேன். இப்ப இன்னும் குழப்பம். டார்ச் அடிச்சா ஒண்ணும் இல்ல. கையால மறைச்சா மோட்டார் லேசா முனகுது, ஆனா சுத்தல. விரலால தள்ளிவிட்டா சோம்பலா ரெண்டு சுத்து சுத்தி நிக்குது. டிரான்சிஸ்டரைத் தொட்டா கை சுடுது. டையோடு சரியாத்தான் இருக்கு, ரெண்டு தடவை பார்த்துட்டேன்.

---

ஈயப்புகை எழுதியது:

முனகுறதும், தலைகீழா வேலை செய்யறதும், சூடாகறதும் ஒரே காரணத்தால வருது. டிரான்சிஸ்டர் நம்பரை மாத்தி மாத்திப் போடறதுக்கு முன்னாடி அந்த டிஓ பின் எப்படிப்பட்டதுன்னு பார்க்கணும்.

எல்எம்393 ஓப்பன் கலெக்டர் அவுட்புட். உள்ளே இருக்கிறது கிரவுண்ட் பக்கம் இழுக்கிற ஒரு டிரான்சிஸ்டர் மட்டும்தான். மேல 5 வோல்ட் பக்கம் தள்ள ஒண்ணுமே கிடையாது. ஸ்பிரிங் வச்ச கதவு மாதிரி: ஐசி-க்கு மூடத்தான் தெரியும், தானா திறக்கிறது ஸ்பிரிங்கோட வேலை. இங்க அந்த ஸ்பிரிங், மாட்யூல்ல டிஓ-க்கும் விசிசி-க்கும் நடுவுல இருக்கிற 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்.

இனி கணக்கு. மோட்டாரை டிஓ-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போட்டப்ப லைட் வழியா வர்ற கொஞ்சத்தை விட்டுட்டா அதுக்கு வந்த கரன்ட் அந்த 10 கிலோ ஓம் வழியாத்தான். 5 வோல்ட்டை 10 ஆயிரத்தால வகுத்தா அரை மில்லிஆம்பியர். பொம்மை மோட்டார் திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த லைட்டும் உங்களை ஏமாத்துது. இந்த மாதிரி மாட்யூல்ல லைட் விசிசி-ல இருந்து ரெசிஸ்டர் வழியா டிஓ-க்குப் போகுது. அதாவது டிஓ கிரவுண்டுக்கு இறங்கினாத்தான் லைட் எரியும். டார்ச் அடிச்சப்ப டிஓ சுழி, மறைச்சப்ப 5 வோல்ட். டிஓ-ல மீட்டர் வச்சுப் பாருங்க, தெரியும்.

அடுத்தது பிசி547. மறைச்சப்ப பேஸுக்கு வர்ற கரன்ட் அதே 10 கிலோ ஓமும் நீங்க போட்ட 1 கிலோ ஓமும் சேர்ந்து 11 கிலோ ஓம் வழியா: 4.3 வகுத்தல் 11,000, கிட்டத்தட்ட 0.39 மில்லிஆம்பியர். டிரான்சிஸ்டரோட பெருக்கம் 200-னு தாராளமா வச்சாலும் 78 மில்லிஆம்பியர்தான் ஓடும். மோட்டார் கிளம்ப அதைப்போல பல மடங்கு வேணும். அதான் முனகல். டிரான்சிஸ்டர் முழுசா திறக்காததால 4 வோல்ட்டுக்கு மேல அதுலயே விழுது. 4.6 வோல்ட், 78 மில்லிஆம்பியர், பெருக்கினா 0.36 வாட். அந்தச் சின்ன உடம்புக்கு அது கை சுடற அளவுதான்.

மோட்டாரோட ரெண்டு முனைக்கு நடுவுல எத்தனை ஓம்னு அளந்து சொல்லுங்க. ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி நாலஞ்சு இடத்துல அளங்க. பிரஷ் உக்காந்திருக்கிற இடத்தைப் பொறுத்து ஆடும், குறைஞ்ச எண்ணை எடுத்துக்கங்க. மீட்டர் வயரை ரெண்டையும் ஒட்டி வச்சா வர்ற ஓமைக் கழிச்சிடுங்க.

---

வெயில்காத்தாடி எழுதியது:

அளந்தேன். 5-ல இருந்து 7 ஓம் வரை ஆடுது, குறைஞ்சது 5. டிஓ நீங்க சொன்ன மாதிரியேதான்: டார்ச் அடிச்சா 0.1 வோல்ட், மறைச்சா 5. ஆனா மோட்டாரைச் சும்மா சுத்தவிட்டு ஆம்பியர் பார்த்தா 0.14-தான் காட்டுது. 5 ஓம்னா 1 ஆம்பியர் வரணுமே?

---

பழையரேடியோ எழுதியது:

இரண்டு எண்ணும் சரிதான். சுற்றும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும் கூட. வேகம் ஏற ஏற அதற்குள் ஒரு எதிர் வோல்ட்டேஜ் பிறக்கும். உங்கள் மோட்டார் சும்மா சுற்றும்போது 0.14 ஆம்பியர் என்றால், 5 ஓமில் விழுவது 0.7 வோல்ட் மட்டும். மீதி 4.3 வோல்ட் எதிர் வோல்ட்டேஜ். நின்ற நிலையில் அந்த எதிர்ப்பு சுழி, எனவே முழு 1 ஆம்பியர். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த 1 ஆம்பியர் சில கணங்கள் ஓடியே தீரும். இறக்கையில் விரல் பட்டு நின்றுவிட்டால் தொடர்ந்து ஓடும். சுவிட்ச் செய்யும் பாகத்தை 1 ஆம்பியருக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், 0.14-க்கு அல்ல. பிசி547-இன் உச்ச வரம்பே 100 மில்லிஆம்பியர்.

---

நாலுகால் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதுக்கு? டிப்120 போடுங்க. டார்லிங்டன் (ரெண்டு டிரான்சிஸ்டரைச் சேர்த்த ஜோடி), பெருக்கம் ஆயிரம். 0.39 மில்லிஆம்பியர் இருந்தாலும் 390 வருது. வேலை முடிஞ்சது.

---

ஈயப்புகை எழுதியது:

390 வருது, ஆனா கிளம்ப 1000 வேணும். அது போக டார்லிங்டன் முழுசா திறந்தாலும் ஒரு வோல்ட் கிட்ட தின்னும். 12 வோல்ட் மோட்டார்னா பரவால்ல, இருக்கிறதே அஞ்சு, அதுல ஒண்ணைக் கொடுத்துட்டா என்ன மிச்சம்? டார்லிங்டன் ஜோடிக்கு 1953-ல பேடன்ட் ஆச்சு. அன்னிக்கு மாஸ்ஃபெட் (கேட்-ங்கிற கால்ல வோல்ட் கொடுத்தாலே திறக்கிற டிரான்சிஸ்டர்) கிடையாது, இன்னிக்கு இருக்கு. அதோட உங்க சர்க்யூட்லயும் இருட்டுலதான் சுத்தும். அவருக்கு வேண்டியது நேர்மாறு.

---

சுருள் எழுதியது:

நான் ரிலே கட்சி. கடையில வர்ற 5 வோல்ட் ரிலே மாட்யூல்ல பெரும்பாலானது இன்புட்டைக் கிரவுண்டுக்கு இழுத்தா ஆன் ஆகிற வகை. உள்ளே ஆப்டோகப்ளர் (ஒளி வழியா சிக்னல் கடத்தற பாகம்) இருக்கறதால ரெண்டு மூணு மில்லிஆம்பியர் இழுத்தாப் போதும். எல்எம்393 டேட்டாஷீட் குறைஞ்சது 6 மில்லிஆம்பியர் இழுக்கும்னு உத்தரவாதம் தருது. டிஓ-வை நேரா ரிலே இன்புட்ல கொடுங்க. வெளிச்சம் வந்தா ஆன். திசை சரி, ஆம்பியர் கவலை இல்ல, கணக்கும் இல்ல.

---

ஈயப்புகை எழுதியது:

சுருள் சொல்றது வேலை செய்யும், மறுக்கல. ஒரே ஒரு சிக்கல்: மாலை வெளிச்சம் மெதுவா குறையறப்ப டிஓ சுத்தமா மாறாது, கொஞ்ச நேரம் படபடக்கும். ரிலே அப்ப டக்கு டக்குனு அடிச்சுக்கும், கான்டாக்ட் தேயும். அதைச் சரி பண்ற வழி பின்னாடி சொல்றேன், எந்தச் சுவிட்ச் போட்டாலும் அது தேவைப்படும்.

என் வழி: பி-சேனல் மாஸ்ஃபெட், ஏஓ3401 மாதிரி. சோர்ஸ் 5 வோல்ட்டுக்கு, டிரெய்ன்ல மோட்டார், மோட்டாரோட மறுமுனை கிரவுண்டுக்கு. கேட் நேரா டிஓ-க்கு. இருட்டுல அந்த 10 கிலோ ஓம் கேட்டை 5 வோல்ட்ல பிடிச்சு வச்சிருக்கும், ஆஃப். வெளிச்சம் வந்தா ஐசி கேட்டைக் கீழ இழுக்கும், ஆன். கேட்டுக்கு நிரந்தரமா கரன்ட் வேணாம், மாறற அந்த நொடிப்பொழுதுல நிரப்பவும் காலி பண்ணவும் மட்டும்தான். ஓப்பன் கலெக்டர் அவுட்புட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச ஜோடி. கூடுதலா வேண்டியது டையோடு ஒண்ணுதான். மோட்டார் சப்ளையும் மாட்யூல் சப்ளையும் ஒரே வோல்ட்டா இருக்கணும், அது முக்கியம்.

---

வெயில்காத்தாடி எழுதியது:

அண்ணா, ஏஓ3401 படம் பார்த்தேன், அரிசி மணியை விடச் சின்னதா இருக்கு. நான் பிரட்போர்டுலதான் செய்யறேன். கைல பிசி547 ரெண்டு, ஐஆர்எல்இசட்44என் ஒண்ணு இருக்கு. இதுல ஏதாவது வழி?

---

பழையரேடியோ எழுதியது:

தாராளமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஐஆர்எல்இசட்44என் என்-சேனல், லாஜிக் லெவல் வகை. 5 வோல்ட் கேட்டில் முழுவதும் திறக்கும். சோர்ஸ் கிரவுண்டுக்கு, டிரெய்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் மோட்டார். கேட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். அதே கேட்டில் பிசி547-இன் கலெக்டர், எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் வழியாக டிஓ-க்கு.

இருட்டில் டிஓ மேலே, பிசி547 திறந்து கேட்டைச் சுழிக்கு இழுக்கும், மோட்டார் நிற்கும். வெளிச்சத்தில் டிஓ கீழே, பிசி547 மூடிவிடும், 10 கிலோ ஓம் கேட்டை 5 வோல்ட்டுக்கு ஏற்றும், மோட்டார் சுற்றும். மோட்டாரின் முன் தோற்றுப்போன அதே 0.39 மில்லிஆம்பியர் இங்கே தாராளம், ஏனென்றால் பிசி547 இழுக்க வேண்டியது வெறும் அரை மில்லிஆம்பியர்.

மாஸ்ஃபெட்டின் தடை இந்த நிலையில் 0.025 ஓம் அளவு. 1 ஆம்பியர் ஓடினாலும் 25 மில்லிவாட் சூடு. ஹீட்சிங்க் வேண்டாம். டிஓ ஒயர் கழன்றால் மோட்டார் ஓடத் தொடங்கும், அதை நினைவில் வையுங்கள். காத்தாடிக்குப் பரவாயில்லை, பம்புக்கு இந்த அமைப்பை இப்படியே போடக்கூடாது.

டையோடை விட்டுவிடாதீர்கள். காயிலில் ஓடும் கரன்ட் திடீரென நிற்க மறுக்கும். வழி கிடைக்கும்வரை வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். டையோடு இல்லையென்றால் அந்த வழி மாஸ்ஃபெட்டின் உடல்தான்.

---

முதல்சுற்று எழுதியது:

ஒரு சந்தேகம், திட்டாதீங்க. நான் 555 டைமர் ஐசி அவுட்புட்ல நேராவே சின்ன மோட்டார் ஓட்டியிருக்கேன். டிரான்சிஸ்டரே இல்ல. அது எப்படி?

---

பழையரேடியோ எழுதியது:

நல்ல கேள்வி. பழைய பைபோலார் 555 இரண்டு பக்கமும் வேலை செய்யும், மேலே தள்ளும், கீழேயும் இழுக்கும். டேட்டாஷீட்டில் 200 மில்லிஆம்பியர் வரை என்று இருக்கும். இலேசான மோட்டார் என்றால் சுற்றிவிடும். 1971-இல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த அந்த ஐசி இன்றும் இந்த ஒரு குணத்துக்காக என் டப்பாவில் இருக்கிறது. ஆனால் அதே பின் அமைப்பில் வரும் 7555 போன்ற சீமாஸ் வகையில் அந்தப் பலம் இல்லை. 5 வோல்ட்டில் பைபோலார் 555-இன் மேல் நிலை, சுமை ஏறும்போது 3.3 வோல்ட் பக்கம் வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

ஒன்று தோன்றுகிறது. இந்தக் காத்தாடிக்கு மாட்யூலே தேவையில்லை. 555-இன் 2, 6 கால்களை ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து எல்டிஆரைக் கிரவுண்டுக்கும் 10 கிலோ ஓமை 5 வோல்ட்டுக்கும் போட்டால் போதும். வெளிச்சம் ஏறி அந்தப் புள்ளி சப்ளையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அவுட்புட் மேலே. இருண்டு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் கீழே. நடுவில் அசையாது. ஈயப்புகை சொன்ன படபடப்பும் தானாகவே ஒழிகிறது.

---

ஈயப்புகை எழுதியது:

ரசிச்சேன் ஐயா. ஆனா அந்த இடைவெளி 5 வோல்ட்ல 1.67 வோல்ட், ரொம்ப அகலம். டார்ச் அடிச்சா கிளம்பும், டார்ச்சைக் கொஞ்சம் தள்ளி எடுத்தா நிக்காது, நல்லா இருட்டணும். ஸ்கூல் டேபிள்ல டியூப்லைட் வெளிச்சத்துல காட்டப் போறாங்க, அங்க இது சுத்திக்கிட்டே இருந்தாலும் இருக்கும். குமிழ் திருகி அளவு வைக்கிற வசதியும் போயிடும். மாட்யூலே இருக்கட்டும்.

---

வெயில்காத்தாடி எழுதியது:

பழையரேடியோ சார் சொன்ன பிசி547 + மாஸ்ஃபெட் சர்க்யூட் போட்டாச்சு. டார்ச் அடிச்ச உடனே கிளம்புது, மாஸ்ஃபெட் சில்லுனு இருக்கு!! பொண்ணு குதிக்கிறா.

ஈயப்புகை அண்ணா சொன்னது நடக்குது. டார்ச்சை மெதுவா விலக்கினா ஒரு இடத்துல மோட்டார் விட்டு விட்டு உதறுது, மாட்யூல் லைட்டும் கூடவே மினுக்குது. மோட்டாரைக் கழட்டிட்டா அந்த மினுக்கல் ரொம்பக் குறைஞ்சிடுது.

---

ஈயப்புகை எழுதியது:

கடைசி வரிதான் துப்பு. மோட்டாரைக் கழட்டினா குறையுதுன்னா, மோட்டார் கரன்ட் சென்சார் பக்கம் போய்த் தொந்தரவு பண்ணுது. இப்ப மாட்யூலோட கிரவுண்ட் ஒயரும் மாஸ்ஃபெட் சோர்ஸும் பிரட்போர்டுல ஒரே வரிசையில இருக்கா? அங்கிருந்து ஒத்தை ஜம்பர் அடாப்டருக்குப் போகுதா? மீட்டரோட ஒரு முனையை மாட்யூல் கிரவுண்ட் பின்லயும், இன்னொண்ணை அடாப்டர் மைனஸ்லயும் வைங்க. மோட்டாரைக் கையால பிடிச்சுக்கிட்டு வோல்ட் பாருங்க.

---

வெயில்காத்தாடி எழுதியது:

ஆமா, ஒத்தை ஜம்பர்தான். 0.18 வோல்ட் காட்டுது. ரெண்டுமே கிரவுண்ட்தானே, சுழி வர வேண்டாமா?

---

ஈயப்புகை எழுதியது:

படத்துலதான் கிரவுண்ட் ஒரே புள்ளி. பிரட்போர்டுல அது ஒல்லி ஜம்பரும், ரெண்டு மூணு ஸ்பிரிங் கான்டாக்ட்டும். எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் பக்கம் இருந்தா, 1 ஆம்பியருக்கு அவ்வளவு விழத்தான் செய்யும். மோட்டார் கிளம்பற நேரம் மாட்யூலோட சுழியே மேல ஏறிடுது.

எல்டிஆர் பிரிப்பானும் (எல்டிஆரும் அதோட ரெசிஸ்டரும் சப்ளையைப் பங்கு போடற இடம்) வரம்பு வைக்கிற குமிழும் ஒரே சப்ளைல தொங்கறதால சப்ளை மெதுவா இறங்கினா ரெண்டும் சேர்ந்தே இறங்கும், ஒப்பீடு கெடாது. ஆனா பிரஷ் தீப்பொறியால வர்ற கூர்மையான துடிப்பு அப்படி ஒத்துப் போகாது. அதுவும் வெளிச்சம் சரியா வரம்பு மேல நிக்கிறப்ப, துளி ஆட்டமும் டிஓ-வைப் புரட்டிடும்.

முதல்ல ஒயர். மோட்டார் போற வழிக்குத் தனியா ரெண்டு தடிச்ச ஒயர் அடாப்டர்ல இருந்தே எடுங்க. மாட்யூலுக்கு வேற ரெண்டு. ரெண்டு ஜோடியும் அடாப்டர் முனையில மட்டும் சந்திக்கட்டும். மோட்டார் உடம்புலயே ரெண்டு முனைக்கும் குறுக்க 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெபாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ணுங்க, கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பிரட்போர்டுல மோட்டார் சப்ளை ஏறுற இடத்துல 470 மைக்ரோஃபேரட், ப்ளஸ் மைனஸ் பார்த்து.

அதுக்கப்புறமும் உதறினா வரம்புக்கு ஒரு இடைவெளி கொடுக்கணும். எல்எம்393-ல அவுட்புட்ல இருந்து அதோட ப்ளஸ் இன்புட்டுக்கு 220 கிலோ ஓம். டிஓ ஐசி-யோட 1-வது கால்ல இருந்து வருதுன்னா ப்ளஸ் இன்புட் 3-வது கால். 7-ல இருந்து வந்தா 5. எல்டிஆர் அந்தக் கால்லதான் சேருதான்னு மீட்டர்ல பீப் வச்சு உறுதி பண்ணிக்கங்க. எல்டிஆரும் அதோட 10 கிலோ ஓமும் வரம்புல சேர்ந்து 5 கிலோ ஓம் அளவுன்னா, இடைவெளி 5 வோல்ட் பெருக்கல் 5 வகுத்தல் 225, சுமார் 0.11 வோல்ட். 555 கொடுக்கிற 1.67 மாதிரி முரட்டுத்தனம் இல்ல, படபடப்பைக் கொல்ல இது போதும்.

---

கம்பிமீன் எழுதியது:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்னை, ஆனா ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர். அவுட்புட் 3.3 வோல்ட். ஐஆர்எஃப்540 போட்டிருக்கேன், டேட்டாஷீட்ல கேட் வரம்பு 2-ல இருந்து 4 வோல்ட்னு போட்டிருக்கு, 3.3 அதுக்குள்ளதானே வருது? மோட்டார் மெதுவா சுத்துது, மாஸ்ஃபெட் கொதிக்குது. பிடபிள்யூஎம் (வேகமா ஆன்-ஆஃப் பண்ணி வேகத்தைக் குறைக்கிறது) வேற கொடுத்தா கீச்சுனு கத்துது.

---

ஈயப்புகை எழுதியது:

அந்த 2-ல இருந்து 4 வோல்ட்ங்கிறது மாஸ்ஃபெட் முழுசா திறக்கிற இடம் இல்ல, கண் விழிக்கிற இடம். அந்த வோல்ட்ல ஓடறது 250 மைக்ரோஆம்பியர்னு அதே வரியில பக்கத்துலயே இருக்கும். பார்க்க வேண்டியது ஆன் நிலைத் தடைக்கு நேரா எந்தக் கேட் வோல்ட் எழுதியிருக்குன்னு. ஐஆர்எஃப்540-க்கு அங்க 10 வோல்ட் இருக்கும். ஐஆர்எல்இசட்44என்-க்கே 4 வோல்ட் வரைதான் எழுதியிருக்காங்க, 3.3-க்கு வாக்குறுதி கிடையாது. 2.5 வோல்ட் வரிசையும் இருக்கிற ஒண்ணு வேணும், ஏஓ3400 மாதிரி.

கீச்சு சத்தம் காதுக்குக் கேக்கிற அதிர்வெண்ல சுவிட்ச் பண்றதால. 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்தினா கேக்காது. ஆனா அப்ப கேட்டை நொடிக்கு 20 ஆயிரம் தடவை நிரப்பிக் காலி பண்ணணும். ஐஆர்எல்இசட்44என் மாதிரி பெரிய ஆளுக்கு 48 நானோகூலும் வரை வேணும். பின் 20 மில்லிஆம்பியர் தள்ளினாலும் ஒவ்வொரு தடவையும் 2.4 மைக்ரோசெகண்ட் பாதி திறந்த நிலையில கழியும். சின்ன மோட்டாருக்குச் சின்ன மாஸ்ஃபெட்தான் நல்லது. டையோடையும் 1என்5819 ஷாட்கி-யா மாத்துங்க, 1என்4007 அந்த வேகத்துக்கு மந்தம். கேட்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓமும் போட்டுடுங்க, இல்லன்னா சிப் பூட் ஆகிற நேரத்துல பின் அனாதையா மிதக்கும், மோட்டார் தானா உதறும்.

மேல பேசணும்னா தனி இழை ஆரம்பிங்க, இது காத்தாடி இழை.

---

வெயில்காத்தாடி எழுதியது:

ஒயரைப் பிரிச்சதும் அந்த 0.18 இப்ப 0.01-க்கு வந்துடுச்சு. கெபாசிட்டர் ரெண்டும் போட்டேன். உதறல் முக்கால்வாசி போச்சு. 220 கிலோ ஓமை 1-க்கும் 3-க்கும் நடுவுல சால்டர் பண்ணினதும் சுத்தமா நின்னுடுச்சு. டார்ச்சை எவ்வளவு மெதுவா நகர்த்தினாலும் ஒரே தட்டுல ஆன், ஒரே தட்டுல ஆஃப்.

இன்னொரு கேள்வி. பொண்ணு இப்ப பெரிய இறக்கை வேணும்ங்கிறா. வீட்ல 12 வோல்ட் மோட்டார் ஒண்ணு கிடக்கு, 4 ஓம் காட்டுது. மாட்யூலை 5 வோல்ட்லயே வச்சுக்கிட்டு மோட்டாருக்கு மட்டும் 12 கொடுக்கலாமா?

---

பழையரேடியோ எழுதியது:

இப்போது கட்டியிருக்கும் சர்க்யூட்டில் கொடுக்கலாம். கேட்டின் 10 கிலோ ஓம் 5 வோல்ட்டிலேயே இருக்கட்டும், மோட்டாரின் ப்ளஸ் முனையையும் டையோடின் கோடு போட்ட முனையையும் மட்டும் 12-க்கு மாற்றுங்கள். 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் அந்த 12-இல்தான் உட்காரும், அது 25 வோல்ட் தாங்குவதா என்று பாருங்கள். இரண்டு சப்ளைகளின் மைனஸ் இணைந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் கேட்டுக்கு எதை வைத்து 5 வோல்ட் என்று தெரியாது. 4 ஓம் என்றால் கிளம்பும்போது 3 ஆம்பியர். மாஸ்ஃபெட்டுக்கு அது 0.225 வாட், பிரச்சினை இல்லை. ஆனால் 12 வோல்ட் அடாப்டர் அதைத் தர வேண்டும், பிரட்போர்டு வழியாக அதைக் கடத்தவும் கூடாது. மாஸ்ஃபெட்டின் கால்களில் நேராகச் சால்டர் செய்யுங்கள். 1என்4007 ஒரு ஆம்பியர் டையோடு. இங்கே 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 போடுங்கள்.

---

ஈயப்புகை எழுதியது:

நான் முதல்ல சொன்ன பி-சேனல் வழியில இதைச் செஞ்சிருந்தா மாட்டியிருப்பீங்க. சோர்ஸ் 12-ல இருக்கும், டிஓ அதிகபட்சம் 5-க்குத்தான் ஏறும், வித்தியாசம் 7 வோல்ட் எப்பவும் இருக்கறதால மோட்டார் நிக்கவே நிக்காது. வெளிச்சத்துல அந்த வித்தியாசம் 12-ஐத் தொடும், ஏஓ3401-ஓட கேட் தாங்கற உச்சமே 12. 4 ஓம் மோட்டாருக்குப் பெரிய இறக்கை மாட்டும்போது முதல் தடவை கையைத் தூர வச்சுக்கங்க.